பால் காய்ச்சும் முன்பு

சுடலைவடிவுக்கு வலது தோள் கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. முந்தின நாள் முழுக்கத் தளம் போடும் வேலை. கான்கிரீட் சட்டியைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கிக் கொடுத்த கை. விடியும் முன்பே எழுந்து சாமான்களைக் கட்டி, சேரன்மகாதேவியிலிருந்து குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு சிந்துபூந்துறையில் வந்து இறங்கியாயிற்று. பால் காய்ச்சிவிட்டால் குடிவந்த மாதிரி; அப்புறம்தான் வண்டியிலிருந்து சாமான் இறக்க வேண்டும்.

அடுக்களை இருட்டாகக் கிடந்தது. விளக்கைப் போடக் கையைத் தூக்கினாள். எட்டவில்லை. எக்கினாள், தோள் சுண்டி இழுத்தது.

“என்ன அண்ணாச்சி, சுச்சு இம்புட்டு உசரத்துல இருக்கு?”

வீட்டுக்காரர் சொரிமுத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜங்ஷனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். “சின்னப் பிள்ளைக கை வச்சிரக் கூடாதுல்லா தாயி.”

“எனக்கே எட்டலயே. நானும் சின்னப் பிள்ளையா?”

“ஏட்டி, நல்ல நேரம் போவுது. அடுப்பப் பத்த வை,” என்றான் அவள் புருஷன் மணிராஜ்.

அவள் பற்றவைக்கவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். எல்லா இடத்திலும் சுவிட்சுகள் உயரத்தில்தான். புதுப் பெயிண்ட் வாடை. சுவர் அலமாரியைத் திறந்தாள். அதற்குள் மட்டும் பெயிண்ட் படவில்லை. நெஞ்சு உயரத்தில் வண்டல் கோடு கிழித்திருந்தது. போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“வெள்ளத்துல நெஞ்சு வரைக்கும் தண்ணி நின்னிருக்கு. சொல்லவே இல்லயே?”

“ஊருக்கே வந்த தண்ணி, தாயி. ஆத்தோரம் வீடெடுத்தா ஆறு எட்டிப் பாக்கத்தான செய்யும்? அதான் சுச்ச மேல ஏத்திட்டேன்லா.”

“அப்ப யாரு குடியிருந்தா?”

“பிரிஸில்லான்னு ஒரு டீச்சர். பாளையங்கோட்டைக்கு மாறிட்டாவ.”

“அட்வான்ஸத் திருப்பிக் குடுத்தாச்சா?”

சொரிமுத்து தொண்டையைச் செருமினார். “பெயிண்ட்டு, வயரு எல்லாம் யாரு போட? இருபதாயிரத்தையும் அதுல கழிச்சிட்டேன்.”

“ஆறு செஞ்சதுக்கு டீச்சரா தண்டம் கெட்டணும்?”

மணிராஜ் அவள் முழங்கையைத் தொட்டான். “ஏட்டி, நமக்கு என்னத்துக்கு அந்த வம்பு?”

“நம்ம முப்பதாயிரமும் அவரு கையிலதான இருக்கு? அடுத்த வெள்ளத்துக்கு யாரு துட்டு போவும்?”

அது அவள் சித்தாள் கூலியில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். அதை விட்டால் வேறு கிடையாது. உள்ளே போய்த் தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“வெள்ளம் வந்து வீட்டுக்கு என்ன ஆனாலும் அட்வான்ஸ்ல பிடிக்க மாட்டேன்னு எழுதிக் குடுங்க அண்ணாச்சி. இல்லன்னா துட்ட எண்ணி வைங்க, சாமான வண்டியிலயே கொண்டு போறோம்.”

சொரிமுத்து தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டு வாசல்களில் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பால் காய்ச்ச வந்தவர்கள் காய்ச்சாமல் திரும்பிய வீடு என்று பேராகிவிட்டால் அப்புறம் யார் வருவார்கள்? அந்தத் தெருவில் ஏற்கெனவே இரண்டு மூன்று வீடுகள் பூட்டித்தான் கிடந்தன.

“பொண்டாட்டியக் கெட்டுனீரா, வக்கீலக் கெட்டுனீரா வே?” என்றார் மணிராஜிடம்.

“ரெண்டுந்தான் அண்ணாச்சி. பீஸ் மட்டும் கேக்க மாட்டா.”

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாடகை ஒப்பந்தத்தின் கடைசியில் அவள் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“டீச்சருக்கு?” என்றாள்.

“அத நான் பாத்துக்கிடுதேன். நீ ஒன் பாலப் பாரு.”

இன்னும் கேட்க அவளுக்கு வாய் இருந்தது. ஆனால் வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்தாயிற்று. தாளை மடித்து மணிராஜ் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கியது.

பிரிஸில்லா டீச்சருக்குச் சொரிமுத்து தர வேண்டியது இருபதாயிரம் ரூபாய். அது அப்படியே நிற்கிறது.