கொழுந்து மாடியில் தொங்கிய படகு

"அப்பா, படகுக்குத் தாகம் எடுக்காதா?"

இதைக் கேட்டபோது ஜூலியானாவுக்கு ஆறு வயது. தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், கூரைச் சட்டத்திலிருந்து தொங்கிய படகுக்குக் கீழே நின்று, கழுத்தை வளைத்து மேலே பார்த்தபடி கேட்டாள். அவளுடைய அப்பா ஜோனத்தன் சிரித்தான். ஏணியில் நின்று கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த தங்கையாவும் சிரித்தார்.

"படகு தண்ணி குடிச்சா முழுகிப்போயிரும்லா கண்ணு," என்றார். பிள்ளை அதற்குமேல் கேட்கவில்லை.

ஜோனத்தன் லோரி ஓட்டுகிறவன். மலையூர்களான திரிங்காப்பிலும் கோலா தெர்லாவிலும் கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு கடலோர லுமுட் வரை போய் வருவான். தோட்டத்தில் பழைய துரை பங்களா ஒன்றைக் காலி செய்தபோது அந்தப் படகு அவன் கண்ணில் பட்டது. பலகைகளையும் சட்டங்களையும் அளவாக அறுத்துப் பெட்டியில் போட்டு அனுப்பும் கம்பெனிகள் ஒரு காலத்தில் இருந்தன. அப்படி ஒரு பெட்டியை வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமையிலிருந்து வரவழைத்து, வரைபடத்தைப் பார்த்துத் தன் கையாலேயே பூட்டிச் சேர்த்த மோட்டார் படகு அது. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மெல்லிய பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறி, செம்பு ஆணி வரிசையோடு மூக்கில் வந்து கூடின. ஜோனத்தன் அதை விலைக்கு வாங்கினான். ஏன் என்று வீட்டில் கேட்டபோது, "அழகா இருந்துச்சு," என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்ல வந்தது.

"அழகுதான் வேணும்னா வீட்டிலேயே பாத்திருக்கலாம்ல, செலவில்லாம," என்றாள் அவன் மனைவி பவுலின். "மலை மேல சம்பான் படகு வாங்கின மொத ஆளு நீங்கதான். கொழுந்துக்கு நடுவுலயா ஓட்டப் போறீங்க?"

லைன் வீட்டில் படகுக்கு இடமில்லை. வெளியே வைத்தால் மழை; மழை இல்லாத நேரத்தில் பனி. அப்போதுதான் தங்கையா தானாக வந்து கேட்டார். கொழுந்தை வாட்டும் மாடி அவர் பொறுப்பில் இருந்தது. மேனேஜரிடம் அவரே பேசி, மாடியின் கோடியில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார்.

"மலை ஈரத்துல மரம் செத்துரும் ஜோனா. நம்ம மாடியில இருந்தா சூடான காத்து. காஞ்சு கணகணன்னு இருக்கும்."

ஈரம் போனால்தான் இலை தேறும் என்று வாழ்ந்த மனிதர்கள். மரத்துக்கும் அதுதான் நல்லது என்று இருவருமே நம்பினார்கள்.

மோட்டாருக்குச் சாமான் கிடைக்கவில்லை. பிறகு நோய்க்காலம் வந்து ரோடெல்லாம் அடைபட்டது. பிறகு பிள்ளையின் படிப்பு. படகு மாடியிலேயே தொங்கியது. சனிக்கிழமைதோறும் தங்கையா ஏணி போட்டு ஏறி அதன்மேல் படிந்த தேயிலைத் தூளைத் துடைத்தார். நடுவில் அவர் மனைவி செல்லம் இறந்துபோனார். கருமாதி முடிந்த வாரமும் அவர் ஏணி ஏறினார்.

"விடுங்க மாமா, அப்புறம் பாத்துக்கலாம்," என்று ஜோனத்தன் சொன்னபோது அவர் துணியை உதறிக்கொண்டே பதில் சொன்னார். "கைக்கு ஒரு வேல வேணும்லா. சும்மா இருந்தா அவ ஞாபகம் வந்துருது. இதத் தொடச்சு முடிச்சா, ஒரு உசுர கவனிச்ச மாதிரி இருக்கு."

இந்த வருஷம் தங்கையாவுக்கு வேலை முடிந்தது. லைன் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிள்ளானில் இருக்கும் மகன் மகேனிடம் போக வேண்டும். போவதற்குமுன் அவர் கேட்டது ஒன்றுதான். "இந்தப் படக தண்ணியில பாத்துட்டுப் போயிறணும். ஒரே ஒரு சுத்து."

ஜோனத்தன் மோட்டாரைச் சரிசெய்து, படகை இறக்கி, முதலில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திரிங்காப்பில் தனக்குத் தெரிந்த சீனத் தௌக்கே முதலாளியின் தோட்டக் குட்டையில் விட்டான். அவன் ஏறி உட்காருவதற்குள் கணுக்கால்வரை தண்ணீர் வந்துவிட்டது. கரையில் இழுத்துப் போட்டு உட்புறத்தில் டார்ச் அடித்தான். ஜூலியானா வெளிப்பக்கம் குனிந்து பார்த்தாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே கோடு கோடாக வெளிச்சம் தெரிந்தது.

லுமுட்டில் தெரிந்த மீனவர் ஒருவருக்குப் போன் போட்டான். எங்கே வைத்திருந்தாய் என்று அவர் கேட்டார். சொன்னான். மரப்படகை நிழலில், ஈரத்தில்தான் வைக்க வேண்டும் என்றார் அவர். சூட்டுக் காற்றில் வைத்தால் பலகை சுருங்கும். இனி அதைத் தண்ணீரில் முழுக்கி வை, ஊறட்டும், ஊறினால் பாதியாவது மூடும் என்றார்.

ஜோனத்தன் போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தான். அவளுக்கு இப்போது பதினான்கு வயது. படகுக்குத் தாகம் எடுக்காதா என்று தான் கேட்டது அவளுக்கு நினைவில்லை. அவனுக்கு இருந்தது.

அன்று சாயங்காலம் பவுலினிடம் எல்லாவற்றையும் சொன்னான். "மாமாவுக்குத் தெரியக்கூடாது," என்றான்.

பவுலின் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். "மறைக்கிறதும் பொய்தானே. நாளைக்கு வேற யாராவது சொல்லித் தெரிஞ்சா இன்னும் வலிக்காதா?"

"அவரு கேட்டா சொல்றேன். கேக்காதப்ப நானா போயி, 'நீங்க தொடச்சுத் தொடச்சு காப்பாத்தினது வீணாப் போச்சு'ன்னு சொல்லணுமா? செல்லம் அத்த போனதுக்கப்புறம் அந்த மனுசன் எதப் புடிச்சுக்கிட்டு நின்னாரு, உனக்குத் தெரியாதா?"

பவுலின் எழுந்தாள். அடுப்பைத் துடைத்தாள், விளக்கை அணைத்தாள். விடிந்து அவன் பார்த்தபோது மேசைமேல் ஒரு தலையணை பிரித்துக் கிடந்தது. பக்கத்தில் பஞ்சு, விரல் பருமனுக்குத் திரிதிரியாக உருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"இடுக்குல அடைக்க ஆகும்னா எடுத்துக்குங்க," என்றாள். "எனக்கு ஒரு தலகாணி போதும்."

படகு குட்டைக்குள், கல் பாரத்தோடு, கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது. வழியில் தங்கையா அவனை நிறுத்திக் கேட்டார். "எங்கடா படகு? மாடி வெறிச்சோடிக் கிடக்கு."

"தண்ணிக்குப் பழக்கிக்கிட்டு இருக்கேன் மாமா."

"பழக்கறதா? அது என்னா மாடா?"

"மாடு மாதிரிதான். முரண்டு புடிக்குது."

அவர் சிரித்துக்கொண்டு போனார். ஜோனத்தன் அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊறிய பலகைகள் பெருத்து, கோடுகள் ஒவ்வொன்றாக மூடின. மிச்சத்தில் பஞ்சை அடைத்து மேலே சாயம் பூசினான். பின்பக்கம், அடிக்கட்டைக்கு ஓரமாக ஒரே ஓர் இடம் மட்டும் என்ன செய்தும் கசிந்தது. இன்னும் ஒரு மாதம் இருந்தால் அதையும் பார்த்திருக்கலாம். ஆனால் ஏரியில் இறங்கும் நாளுக்கு மறுநாளே தங்கையாவுக்குக் கிள்ளான் பஸ்.

ரிங்லெட் ஏரியில் இறங்க அனுமதி வாங்கியிருந்தான். காலையில் பனி விலகுவதற்குமுன்பே போய்விட்டார்கள். தங்கையா சலவைச் சட்டை போட்டு, திருநீறு பூசி வந்திருந்தார். படகின் மூக்கில் குங்குமம் வைத்து ஒரு தேங்காய் உடைத்தார். ஜோனத்தன் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்தான்.

"ரெண்டு சாமியும் பாத்துக்கும்," என்றார் தங்கையா. "நீ பெட்ரோல் ஊத்தினியா?"

"ஊத்திட்டேன். மாமா, முன்னால போய் உக்காருங்க. ஏரியப் பாத்த மாதிரி. திரும்பித் திரும்பி ஆட்டிராதீங்க, பழைய படகு."

"நான் என்னா சின்னப் புள்ளயா?"

அவர் முன்பலகையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மோட்டார் இரண்டு இழுப்பில் உயிர் பிடித்தது. மூக்கு லேசாக எழ, கரை பின்னால் போனது. மேலே தேயிலை மலைகள் பனிக்குள்ளிருந்து வரிவரியாக வெளியே வந்தன.

கொஞ்ச தூரத்திலேயே ஜோனத்தனின் காலணிக்குள் குளிர் ஏறியது. தண்ணீர் அவன் பக்கம்தான் சேர்ந்தது. ஒரு கையால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தன் ஜாக்கெட்டுக்கு அடியில் வைத்திருந்த பால் டின்னை எடுத்தான். மொண்டான். ஓசை எழாமல், பலகையை ஒட்டியே வெளியே சாய்த்தான். மறுபடி மொண்டான்.

"பாத்தியா ஜோனா," என்று தங்கையா ஏரியைப் பார்த்தபடியே சத்தமாகச் சொன்னார். "ஒரு சொட்டு உள்ள வரல. மாடியில வெச்சதுனாலதான். வெளிய கெடந்திருந்தா இத்தன வருசத்துக்கு என்னா ஆயிருக்கும்?"

"மண்ணாப் போயிருக்கும் மாமா."

அது பொய்யில்லை. வெளியே கிடந்த துரைகளின் சாமான் எதுவும் அந்த மலையில் மிஞ்சவில்லை.

முன்னால் அந்த ஒல்லியான முதுகு நிமிர்ந்திருந்தது. ஒருமுறை அவர் கை விளிம்பை விட்டு, பக்கத்துப் பலகையைத் துணியில்லாமலே மெல்லத் தடவியது.

"செல்லத்தையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம்," என்றார் அவர், கொஞ்சநேரம் கழித்து.

ஜோனத்தன் டின்னை மடியில் வைத்துக்கொண்டான். வேகத்தைக் குறைத்தான். குறைத்தால் தண்ணீர் இன்னும் சீக்கிரம் ஏறும் என்பது தெரிந்தே குறைத்தான். கரை தெரிகிற தூரத்தில் இருந்தது. அங்கே யாரும் இல்லை.

"இன்னொரு சுத்து போலாமா மாமா?"

"போலாம்லா. எனக்கென்ன அவசரம்."

படகு அகலமாக வளைந்து திரும்பியது. தங்கையா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஜோனத்தன் குனிந்து மொண்டு, சாய்த்து, மொண்டுகொண்டிருந்தான்.