பேட்டரி மாற்றிய பிறகு

1

இந்தக் கதையை நான் கேட்டு வாங்கவில்லை. என் தலையில் கட்டினார்கள். கட்டியவன் குரு. ஐயம்பேட்டை பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். 2008 மாசி மாதத்தில் என் ஸ்கூட்டரின் ஹாரன் ஊமையாகிவிட்டது என்று அவனிடம் போனேன். ஒயரைப் பிரித்துக்கொண்டே கேட்டான்.

"கதை எழுதறவரு தானே சார் நீங்க? நான் ஒண்ணு சொல்றேன். முடிவு மட்டும் நீங்க போட்டுக்கங்க."

முடிவு போடத் தெரிந்தவன் என்று எனக்கும் ஒரு நினைப்பு உண்டு. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஹாரன் சரியாகிவிட்டது. கதை இன்னும் சரியாகவில்லை.

2

முதல் தொடக்கம்: "சின்ன காஞ்சிபுரத்தில் வத்ஸலா டீச்சரின் காருக்குள் ஏதோ புகுந்துகொண்டது போல விளக்குகள் தாமாக—"

(அடித்துவிட்டேன். பேய்க் கதை எதிர்பார்த்து உட்கார்வீர்கள். இதில் பேய் கிடையாது. இருந்தால் தேவலையே என்று பின்னால் தோன்றும்.)

இரண்டாவது தொடக்கம்: "வத்ஸலாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. கொஞ்ச நாளாக மறதி—"

(இதையும் அடித்தேன். மறதி என்ற சொல்லை முதல் வரியில் போட்டால் நீங்கள் அவள் வீட்டுக்காரர் கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள். அந்தக் கட்சியில் ஏற்கெனவே ஆள் அதிகம்.)

மூன்றாவதைத் தொடக்கம் என்றே சொல்ல முடியாது, விவரம்தான். வத்ஸலா ஐயம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் காலையில் காஞ்சிபுரத்திலிருந்து காரில் போவாள். மாடியில் குடியிருக்கும் தேவிப்ரியாவின் மகள் ஸிந்துஜா அதே பள்ளியில் யுகேஜி படிக்கிறாள்; பின்சீட்டில் ஏறிக்கொள்ளும். கணவர் கிருஷ்ணஸ்வாமி பாங்கில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவர், இப்போது கோயிலில் பாராயண கோஷ்டியில் ஒருவர். கார், அமெரிக்காவில் இருக்கும் மகன் ராம்ப்ரஸாத் வாங்கிக் கொடுத்தது. ஸ்டீரிங்கைத் திருப்ப மோட்டார் உதவி செய்யும் ரகம். ஒரு விரலால் திருப்பலாம் என்று கிருஷ்ணஸ்வாமி எல்லோரிடமும் சொல்வார்.

அந்த ஸ்டீரிங்தான் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அதுவும் வத்ஸலா ஓட்டும்போது மட்டும்.

3

மார்கழிப் பனியில் ஒருநாள் அவள் வந்து சொன்னாள்.

"ஏன்னா, இன்னிக்கும் ஸ்டீரிங் கட்டையாயிடுத்து. மஞ்சளா ஒரு லைட் எரிஞ்சுது. ஜன்னல் கண்ணாடி பாதியில நின்னுடுத்து. அப்பறம் எல்லாம் தானே சரியாயிடுத்து."

"நேத்து சாயங்காலம் நான் ஓட்டினேனே, வெண்ணெய் மாதிரின்னா போச்சு."

"நீங்க வெளிச்சத்துல ஓட்டறேள். நான் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் எல்லாம் போட்டுண்டு மெதுவாப் போறேன்."

"வண்டிக்கு நீ நான்னு ஆள் தெரியுமா என்ன?"

அவர் கெட்டவர் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த இடத்தில் அவர்மீது உங்களுக்குக் கோபம் வரும், எனக்கு வந்தது. ஆனால் மறுநாளே காரைக் குருவிடம் கொண்டுபோனதும் அவர்தான். குரு ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். புது வண்டிகளுக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. கோளாறு வந்தால் அது குறித்து வைத்துக்கொள்ளும். ஸ்கேனரில் ஒன்றுமே இல்லை. பேட்டரியில் மீட்டர் வைத்தான். அளவு சரியாகவே காட்டியது. கிருஷ்ணஸ்வாமி மறுபடி கொண்டுபோனார். மறுபடியும் ஒன்றும் இல்லை.

"வண்டி கல்லு மாதிரி இருக்குது சார். மேடத்துக்குப் பனியில ஓட்டறது கொஞ்சம் பயமா இருக்கும்" என்றான் குரு.

* பக்கத்தின் அடியில் வர வேண்டிய குறிப்பு, இங்கேயே இருக்கட்டும்: கிருஷ்ணஸ்வாமி இருபது வருடம் அம்பாஸடர் வைத்திருந்தவர். அந்த நாளில் வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து, ஸ்பானரால் பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றி வைப்பது நல்ல குடும்பத்து வழக்கம். பேட்டரி இறங்காது, தீப்பிடிக்காது. புதுக் காருக்கும் அதையே செய்தார். சாயங்காலம் கழற்றல், பிறகு கைகால் கழுவிச் சந்தியாவந்தனம். காலையில் மாட்டி, தானே ஸ்டார்ட் செய்து, சூடேற்றி, பன்னிரண்டு மணி என்று மினுக்கும் கடிகாரத்தைத் திருத்தி, மனைவியிடம் சாவியைக் கொடுப்பார். அதை அவர் அன்பு என்று நினைத்தார். எனக்கும் அதற்கு வேறு பெயர் தெரியவில்லை.

4

தை பிறப்பதற்கு முன்னால், ஐயம்பேட்டையில் நெசவாளர் தெரு ஒன்றில். காலையில் அங்கே தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருப்பார்கள். தறியில் ஏறப்போகிற பட்டு நூல்களை இரண்டு முனையிலும் கட்டி இழுத்து, கஞ்சி போட்டுக் காய விடுவது. அந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது தெரியும். ஓரமாக ஊர்ந்து போவார்கள். வத்ஸலாவும் அப்படித்தான் ஊர்ந்தாள். திருப்பத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்டீரிங் இறுகிக்கொண்டது. இரண்டு கையாலும், உடம்பின் கனம் முழுவதும் கொடுத்துத் திருப்பினாள். போதவில்லை. பிரேக் போடுவதற்குள் கார் பாவுக்குள் புகுந்துவிட்டது.

யாருக்கும் அடி இல்லை. நூல் அறுந்தது. எத்தனை இழை என்று நான் எண்ணப்போவதில்லை. லோகாம்பாள் என்ற அந்தப் பாவுக்காரியும் எண்ணவில்லை. சக்கரத்தில் சுற்றிக்கொண்ட அரக்குப் பட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாம்மா பண்ணிட்ட நீ? கண்ணு தெரியாதவ கையில எவன்மா சாவி குடுத்தான்?"

பின்சீட்டில் ஸிந்துஜா அழுதாள். வத்ஸலா, "ஸ்டீரிங் திரும்பலைம்மா, சத்தியமாத் திரும்பலை" என்றாள். சுற்றி நின்றவர்களில் ஒருவர் உள்ளே கைவிட்டு ஸ்டீரிங்கைத் திருப்பிப் பார்த்தார். சுலபமாகத் திரும்பியது.

அன்றிரவு ராம்ப்ரஸாத் ஃபோனில் சொன்னது ஒரே விஷயம்: அம்மாவின் அம்மாவுக்குக் கடைசியில் பெற்ற பெண்ணையே அடையாளம் தெரியாமல் போனதே, இது அதன் ஆரம்பமாக இருக்குமோ? கிருஷ்ணஸ்வாமி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். வத்ஸலா சண்டை போடவில்லை. ஷேர் ஆட்டோவில் போக ஆரம்பித்தாள்.

5

இங்கே கதையை நிறுத்தி ஒரு கணக்குத் தீர்க்க வேண்டும்.

வீட்டாரின் சந்தேகம் நம்பும்படி இருக்க வேண்டும் என்று, முதல் பிரதியில் வத்ஸலாவை இரண்டு இடத்தில் மறக்க வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். பரீட்சைத் தாள் கட்டை ஷேர் ஆட்டோவில் விட்டுவிட்டு வருகிறாள். எழுதியதும் அசிங்கமாகப் பட்டது. நிரபராதியின் சட்டைப்பையில் போலீஸ்காரன் கஞ்சாவைப் போடுவானே, அந்த வேலை. இரண்டையும் எடுத்துவிட்டேன்.

(எடுத்தபோது குரு எனக்குப் பாதிக் கதைதான் சொல்லியிருந்தான்.)

6

மாசியில் கிருஷ்ணஸ்வாமி பாராயண கோஷ்டியோடு வெளியூர் உற்சவத்துக்குப் போனார். காரைக் குருவிடம் விட்டு, "நான் வர்ற வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும். அப்பப்ப ஓட்டிப் பாருப்பா" என்றார்.

குரு ஓட்டினான். சோம்பேறி, டெர்மினலைக் கழற்றவெல்லாம் இல்லை. ஒரு விடியலில் பனி. ஹெட்லைட், வைப்பர் போட்டுக்கொண்டு போனான். அதே நெசவாளர் தெருத் திருப்பத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்டீரிங் இறுகிக்கொண்டது.

"அங்கயே வண்டிய நிறுத்திட்டேன் சார். லோகாம்பாக்கா பாவு நீட்டிக்கினு இருந்தாங்க. டீச்சரம்மா அன்னிக்கு எப்படிக் கதறியிருக்கும்னு நெனச்சேன்."

கடைக்கு வந்து ஸ்கேனரை மாட்டினான். இந்த முறை வரிசையாகக் குறிப்புகள், எல்லாம் ஒன்றையே சொல்லின: மின்சாரம் போதவில்லை. பேட்டரி கிழடாகிவிட்டது. சும்மா இருக்கும்போது மீட்டரில் நல்லபிள்ளையாகக் காட்டும். நான்கு சுமையைச் சேர்த்து ஏற்றினால் படுத்துவிடும். படுத்த கணத்தில் காரின் கம்ப்யூட்டர் பயந்துபோய் முதலில் ஸ்டீரிங் மோட்டாரைத்தான் கைவிடும். வத்ஸலா சொன்ன ஒவ்வொன்றையும் கார் குறித்து வைத்துத்தான் இருந்தது. அந்த வண்டியில் டெர்மினலைக் கழற்றினால் குறிப்பு அழிந்துபோகும். ஒவ்வொரு சாயங்காலமும் கிருஷ்ணஸ்வாமி மனைவியின் சாட்சியைத் தம் கையாலேயே துடைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு சந்தியாவந்தனம் செய்யப் போயிருக்கிறார்.

7

முதல் முடிவு.

ஊர் திரும்பியவர் குரு சொன்னதைக் கேட்டார். புது பேட்டரி போடச் சொன்னார். ஸ்பானரைக் குருவிடமே கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சாவியை வத்ஸலாவின் கையில் வைத்தார்.

"நீ சொன்னதெல்லாம் வாஸ்தவம், வத்ஸலா. நான்தான் நம்பலை. என்னை மன்னிச்சுடு."

வத்ஸலா அழுதாள். அவரும் அழுதார். அவளை அழைத்துக்கொண்டு லோகாம்பாள் வீட்டுக்குப் போய், தப்பு டீச்சருடையது இல்லை என்று தெருவே கேட்கச் சொன்னார். மறுநாளிலிருந்து ஸிந்துஜா பழையபடி பின்சீட்டில். மாடியிலிருந்து தேவிப்ரியா கையாட்டினாள்.

இதோடு நிறுத்திப் பத்திரிகைக்கு அனுப்பினால் போடுவார்கள். நான் நிறுத்தத்தான் இருந்தேன். ஹாரன் மறுபடி ஊமையாகாமல் இருந்திருந்தால் நிறுத்தியும் இருப்பேன்.

8

இரண்டாம் முறை போனபோது குரு மீதியைச் சொன்னான்.

பங்குனியில் தென்னேரியில் ஒரு டிராக்டருக்கு செல்ஃப் மோட்டார் பார்க்கப் போயிருக்கிறான். ஏரிக்கரைச் சாலையில் அந்தக் கார் நின்றிருந்தது. என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் ஸிந்துஜா டிபன் டப்பாவைத் திறந்து தின்றுகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் ஐயம்பேட்டையில். அதைத் தாண்டி, வாலாஜாபாத்தையும் தாண்டி வந்திருக்கிறாள்.

வத்ஸலா கண்ணாடியை இறக்கி, முன்பின் தெரியாதவனிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"ஏம்ப்பா, காஞ்சிபுரத்துக்கு எந்தப் பக்கம் போகணும்?"

"மேடம், நான் குரு மேடம்."

அவள் அவனையே பார்த்தாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு முகம் மாறியது.

"சாருக்குத் தெரிய வேண்டாம், குரு."

"வண்டியில எதுனா…"

"வண்டி நன்னாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு."

(கார் மறந்தது, அவளும் மறந்தாள் என்று இங்கே ஒரு வரி எழுதினேன். அழகாக இருந்ததாலேயே அடித்தேன். கார் எதையும் மறக்கவில்லை. ஒரு நல்ல மனிதர் அழித்தார். இவளுக்கு நடப்பதில் யார் கையும் இல்லை. 5-ம் பகுதியில் நான் எடுத்துப்போட்ட பாலையும் பரீட்சைத் தாளையும் திருப்பி வைக்கலாமா என்று யோசித்தேன். மனம் வரவில்லை.)

குரு மனசு கேட்காமல் கிருஷ்ணஸ்வாமியிடம் ஒருநாள் ஜாடையாக ஆரம்பித்திருக்கிறான்.

"சார், டீச்சருக்கு அன்னிக்கு வழி கொஞ்சம்…"

"போறும்ப்பா. திரும்ப ஆரம்பிக்காதே. ஒருதரம் அவமேல சந்தேகப்பட்டு நான் பண்ணின பாவமே ஜன்மத்துக்கும் போறும். வண்டியைப் பாரு. ஒயரிங்ல இன்னும் ஏதோ இருக்கு. என்ன செலவானாலும் கண்டுபிடி."

காரை மூன்று நாள் விட்டுவிட்டுப் போனார். குருவும் பிரித்துப் பார்த்துப் பூட்டினான். ஒன்றும் இல்லை.

"அப்புறம் நீ ஏன் நேரா உடைச்சுச் சொல்லலை?" என்று கேட்டேன்.

"ஒருவாட்டி அந்தம்மா மேல பழி போட்டுட்டேன் சார். அது பொய்யாப் போச்சு. மறுக்கா எந்த வாயால சொல்வேன்? அதான் மீதியையும் உங்ககிட்ட குடுத்தேன்."

9

இரண்டாம் முடிவு: வத்ஸலா தானே சாவியைத் திருப்பிக் கொடுக்கிறாள். (எழுத முடியவில்லை. தன் புத்தி சரியாக இருக்கிறது என்று நிரூபித்து வாங்கிய சாவி அது. கொடுத்தால் எல்லாமே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிகிற நாட்களில்.)

மூன்றாம் முடிவு: சாலை, லாரி, பின்சீட்டு. (எழுதிவிட்டேன். வீட்டில் வைத்திருக்கப் பிடிக்காமல் கிழித்தேன்.)

இன்றைய நிலவரம் இவ்வளவுதான். குருவுக்குத் தெரியும், சொல்ல மாட்டான். கிருஷ்ணஸ்வாமிக்குச் சொன்னாலும் ஏறாது, காரைத்தான் சந்தேகப்படுவார். எனக்குத் தெரியும். நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. இப்போது உங்களுக்கும் தெரியும்.

நாளைக் காலையும் வாசலில் கார் சுகமாக ஸ்டார்ட் ஆகும். குழந்தையின் தலையை வாரி, பையை மாட்டி, படியிறக்கி அனுப்பப்போகிறவளிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு நான் எழுத வேண்டியது ஒரே வாக்கியம். பலமுறை ஆரம்பித்தும் இதற்கு மேல் போகவில்லை, நீங்கள் முடியுங்கள்:

"தேவிப்ரியா, நாளைக்கு ஸிந்துஜாவை அந்தக் காரில்