பரவாயில்லைக்கா

ஆய்வகத் தலைவர் சார் கூப்பிட்டார் என்று எழுந்து போய்த் திரும்புவதற்குள் என் மேசை காலியாகியிருந்தது. எண்ணுவதற்காக எடுத்து வைத்திருந்த கண்ணாடிச் சோதனைத் தட்டுகள் ஒன்றுகூட இல்லை. மேசை துடைத்துப் பளபளவென்று இருந்தது.

ஒரு விடுதியின் தொட்டித் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. தண்ணீரைக் கிருமி வளர்க்கும் கூழ் உள்ள தட்டுகளில் ஊற்றி ஒரு நாள் சூட்டில் வைத்தால், கிருமி இருந்தால் சிவப்புப் புள்ளிகளாக வளரும். எத்தனை புள்ளி என்று எண்ணி எழுதினால்தான், விடுதியில் மூடி வைத்திருக்கும் குழாயைத் திறக்கலாமா என்று சொல்ல முடியும்; அதுதான் பாக்கி. வேலைக்குச் சேர்ந்தபின் நானே கையெழுத்துப் போடவிருந்த முதல் அறிக்கை.

ஸ்டோர் அக்கா கதவோரம் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சாமான்களைக் கொடுத்து வாங்குவது அவர் பொறுப்பு.

"அக்கா, இங்க இருந்த தட்டெல்லாம்?"

"கொதிக்க வச்சுக் கழுவியாச்சும்மா. நீ ஒருத்தியா எவ்வளவுதான் செய்வ?"

"அது... எண்ணணும்க்கா."

"எதை? புள்ளி புள்ளியா பூத்துல்ல கெடந்துச்சு. கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்." அவர் முகம் மாறியது. "கேட்டுட்டுத்தானே செஞ்சேன். மேசையை ஒழிச்சுத் தரவான்னு கேட்டதுக்கு, பரவாயில்லைக்கான்னு சொன்னியே."

சொன்னேன்தான். வேண்டாம் என்று நினைத்துச் சொன்னேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரே பாட்டிலில் இரண்டு மருந்தை ஊற்றி வைத்தால் இங்கே வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். சொல்லுக்கு அப்படி எதுவும் கிடையாது.

சார் எட்டிப் பார்த்தார். "விடுதியிலேர்ந்து திரும்பவும் போன். குழாயைத் திறக்கலாமா, கூடாதா?"

"தட்டு வீணாயிடுச்சு சார். புதுசா தண்ணி எடுத்துத்தான் பண்ணணும்."

"எப்படி வீணாச்சு?"

காலி மேசையை நான் இன்னொரு தடவை துடைத்தேன். அக்கா தரையைப் பார்த்தார்.

"சரி, இந்தத் தடவை நானே கையெழுத்துப் போட்டுக்கறேன். நீ இன்னும் கொஞ்ச நாள் கூட இருந்து பாரு. விடுதிக்கு நீயே சொல்லிடு."

அவர் போனதும் அக்கா சொன்னார்: "நான்தான்னு சொல்ல வாயெடுத்தேன்மா. அதுக்குள்ள போயிட்டாரு."

"எதுக்குக்கா இதெல்லாம் செய்யறீங்க? உங்க வேலையே இல்லையே."

அவரிடம் நான் இவ்வளவு பேசியதே இல்லை. அவர் துணியை மடித்தார், பிரித்தார்.

"வீட்ல நாள் முழுக்கச் செய்யறேன். உப்பு கம்மின்னு சொல்லத்தான் வாயைத் திறப்பாங்க. இங்க ஒரு மேசையைத் துடைச்சா, 'உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்'னு கேக்கறீங்க. அதைக் கேக்க நல்லாருக்கு."

என்மேல் அன்பு என்று சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். இதற்கு எப்படிக் கத்துவது? கோபம் போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

"கோவமா?" என்றார்.

நாக்கு நுனிவரை அதே சொல் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"ஆமாக்கா."

துணியைத் தோளில் போட்டார். பிறகு ஜன்னலோரம் இருந்த என் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். "இதையாவது ரொப்பித் தரேன்."

"வேண்டாம்க்கா."

"நெஜமாவே வேண்டாமா, இல்ல..."

"நெஜமாவே."

பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். மூடியை மட்டும் இறுக்கிவிட்டுப் போனார்.

விடுதிக்குப் போன் செய்தேன். காப்பாளர் அம்மா எடுத்தார்.

"முடிவு வர இன்னும் ரெண்டு நாளாகும்ங்க. எங்க பக்கத்துத் தப்புதான். அதுவரைக்கும் அந்தத் தண்ணியைக் குடிக்கக் குடுக்காதீங்க."

"அதனால என்னம்மா, பரவாயில்லை" என்றார் அவர், மிக அன்பாக.

நன்றி என்று சொல்லி வைக்கப் போன கை நின்றது.

"பரவாயில்லைன்னா," என்று கேட்டேன், "குழாயைத் திறக்க மாட்டீங்கதானே?"