ஒன்பதாம் நம்பரின் மூன்றாவது இறக்கை

என் தம்பி ஜாஃபர் பொய் சொல்கிறான் என்று முடிவுகட்டிவிட்டுத்தான் அவனைத் தேக்காவில் ஒரு பிரியாணிக் கடைக்குச் சாப்பிட வரச் சொன்னேன்.

என் வேலை அப்படி. சிங்கப்பூரில் ஏசி அறையில் உட்கார்ந்து, வியட்நாம் கடலோரத்தில் சுற்றும் காற்றாலைகளைக் கணினியில் வேவு பார்ப்பேன். இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு மின்சாரம் வரவேண்டும். வராவிட்டால் ஏன் என்று குடைவேன். மழையும் உப்புக்காற்றும் இறக்கையின் முன்விளிம்பை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். சொரசொரத்த இறக்கை காற்றை ஒழுங்காகப் பிடிக்காது. கயிற்றில் தொங்கியபடி அதைத் தேய்த்துப் பூச்சுப் பூசும் ஆட்களில் ஒருவன்தான் ஜாஃபர்.

போன மாதம் அவன் கம்பெனி எல்லாக் காற்றாலைகளின் இறக்கைகளையும் பழுதுபார்த்தது. எல்லாம் தேறின, ஒன்பதாம் நம்பர் காற்றாலை மட்டும் சரியாகத் தேறவில்லை. அதோடு ஒவ்வொரு சுற்றுக்கும் கோபுரம் ஆடியது. மூன்று இறக்கையும் ஒரே மாதிரி இருந்தால் எதற்கு ஆடவேண்டும்? ஒன்றைத் தொடவே இல்லை! கடைசி இறக்கையை முடித்ததாகச் சொன்னவன் என் தம்பி. திங்கட்கிழமை நான் அறிக்கை கொடுக்கவேண்டும். கொடுத்தால், டீம் லீடர் ஆகப்போகிறவனின் பிழைப்பில் மண் விழும். கொடுக்காவிட்டால் நான் என்ன மனுஷி?

"என்ன ராத்தா, திடீர்னு பிரியாணி? ஏதோ இருக்கு லா" என்று சிரித்தான்.

"சும்மாதான்டா."

சும்மாவாவது! அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான். ஏன் கவிழ்க்கிறான்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒன்பதாம் நம்பர்ல வேலை எப்படிப் போச்சு?"

"அதுவா? மொத ரெண்டு பிளேடை வேற டீம் முடிச்சிருச்சு. அப்புறம் காத்து ஜாஸ்தியாகி எல்லாரும் இறங்கிட்டாங்க. மறுநாள் மூணாவதுக்கு நான் ஏறினேன். அன்னிக்கு ஜாலி லா."

"ஜாலியா?"

"தேய்க்கவே வேணாம், வழவழன்னு இருந்துச்சு. அது மட்டும் புதுசா மாத்தின பிளேடு போலன்னு நெனச்சேன். ஒரு கோட் அடிச்சிட்டு இறங்கிட்டேன்."

ஒன்பதில் எந்த இறக்கையையும் யாரும் மாற்றியதில்லை. வேலை நடக்கும் இறக்கையைக் கீழ்நோக்கி நிறுத்திப் பூட்டியிருப்பார்கள்; பலத்த காற்று வந்தால் அந்தப் பூட்டை எடுத்துச் சுற்றவிட்டுவிடுவார்கள். மறுநாள் கீழே வந்து நின்ற இறக்கையை மூன்றாவது என்று நம்பி இவன் ஏறியிருக்கிறான்.

"கீழ நின்னது எந்த பிளேடுன்னு நம்பரைப் பாத்தியா?"

அவன் கரண்டி அப்படியே நின்றது. புத்திசாலிதான், உடனே பிடித்துக்கொண்டான். "யா அல்லா! முடிச்சதுக்கு மேலேயே பூசிட்டேனா?" பிறகு என்னை மெதுவாகப் பார்த்தான். "உனக்கு முன்னாடியே தெரியும். அதுக்குத்தான் இந்தப் பிரியாணி."

"இதுன்னு தெரியாதுடா. நீ ஏறவே இல்லன்னுதான் நெனச்சேன்."

வாய் தவறி வந்துவிட்டது. அவன் முகம் செத்துப்போனது.

"ஏறாம ஏறினேன்னு சொல்லுவேனா, ராத்தா?"

அவன் போனை எடுத்துக் காதில் வைத்தான். "பாஸ், ஜாஃபர். ஒன்பதுல மூணாவது பிளேடு வேலை நடக்கல. செஞ்சதுக்கு மேலேயே செஞ்சிட்டேன். நம்பர் பாக்காதது என் தப்பு. நானே போய் ஏறறேன்."

நிஜமாகவே அழைத்தானா, இல்லை எனக்காகச் சும்மா பேசுகிறானா? என் கழுத்து தானாக அவன் போன் திரையின் பக்கம் நீண்டது. பாழாய்ப்போன கண்!

ஜாஃபர் அதைப் பார்த்துவிட்டான். போனை எங்கள் இருவருக்கும் நடுவே மல்லாத்தி வைத்து ஸ்பீக்கரைப் போட்டான். அவன் பாஸ் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கத்தி முடிக்கும்வரை அவன் தலைகுனிந்து கேட்டான், நானும் கேட்டேன்.

பிறகு பாதித் தட்டோடு எழுந்தான். "அறிக்கையை எழுது ராத்தா, அது உன் வேலை. ஆனா இனிமே சாப்பிடக் கூப்பிட்டா எதுக்குன்னு சொல்லிட்டுக் கூப்பிடு."