பிலாய் லைன்

கனகவல்லி ரிட்டையர் ஆன மூன்றாவது வாரம் மார்கழி பிறந்தது. முப்பத்து நாலு வருஷம் டெலிபோன் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக ஷிப்ட் பார்த்தவளுக்கு, தான் குடியிருக்கும் அஸ்தினாபுரத்தில் எந்தத் தெரு எங்கே போய் முடிகிறது என்றுகூடத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் தினமும் காலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள்.

அன்று பனி இறங்கியிருந்தது. காலி மனைகளில் புல்லெல்லாம் வெள்ளை. யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஓய்ந்தார்கள். புதிதாக ஒரு தெருவுக்குள் திரும்பினாள்.

"ஏன் தாயே, பால் வண்டி வந்தாச்சா?"

ஒரு வீட்டு கேட் அருகே குல்லாவும் மப்ளருமாக ஒருவர், கையில் ஒயர் கூடை. அவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தத் 'தாயே'?

"சார், நீங்க சாம்பசிவனா? ஞாயித்துக்கிழமை ஆனா பிலாய்க்கு ட்ரங்க் கால் புக் பண்ணுவீங்களே?"

அவர் மிரண்டு போனார். "நீங்க யாரும்மா?"

"எக்ஸ்சேஞ்ச்ல இருந்தேன்." கொஞ்சம் கூச்சத்தோடு, பழைய டியூட்டிக் குரலில் சொன்னாள்: "பிலாய் லைன்ல இருக்காங்க, பேசுங்க."

அவர் குல்லாவைக் காதுக்கு மேலே ஏற்றினார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள்.

"ஒரு மழை நாள். பிலாய்ல எம்பொண்ணுக்குப் பிரசவம். மாப்பிள்ளை லைன்ல கத்தறார், எனக்கு ஒண்ணும் காதுல விழல. நடுவுல ஒரு அம்மா வந்து, 'பெண் குழந்தை சார், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க'ன்னாங்க..."

"நான்தான் சார்."

அன்று அவர் 'தாயே, தாயே' என்று திரும்பத் திரும்பச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஒரு காலுக்கு உரிய மூன்று நிமிஷம் தாண்டியும் அவள் குறுக்கிடவில்லை. எத்தனையோ சாவுச் செய்தியும் அவள் வழியாகத்தான் போயிருக்கிறது. சொன்னபிறகு யார் என்ன ஆனார்கள் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை.

"சரசு! இங்க ஓடி வா, யார் வந்திருக்காங்க பாரு!"

கோலமாவுக் கையோடு வந்த அவர் மனைவி சரசு, விஷயம் கேட்டதும் கனகவல்லியை விடவில்லை. கூடத்தில் உட்காரவைத்து, காபி கொடுத்து, அன்று பிறந்த பேத்தி பாட்டுப் போட்டியில் ஜெயித்தது வரை சொன்னாள். பால் வண்டியை எல்லோருமே மறந்துவிட்டார்கள்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தெருமுனை வரை போன கனகவல்லி, சட்டென்று திரும்பி வேகமாக நடந்தாள். சாம்பசிவன் இன்னும் கேட்டிலேயே நின்றிருந்தார்.

"குழந்தைக்கு என்ன பேரு வச்சீங்க, கேக்கவே இல்லையே?"

"அபிதகுஜாம்பாள். எங்கம்மா பேரு."

"அம்மாடி, எவ்வளவு நீளம்!" என்று சிரித்தவள், அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டே அடுத்த தெருவுக்குள் நடந்தாள்.