பிடித்தவர்: சப்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபம் கதாசிரியனுடையது அல்ல, அட்சயாவுடையது. கதாசிரியன் கல்லூரித் தமிழ்ச் சங்க இதழில் நக்கல் எழுதுகிறவன். நக்கல் எழுதுகிறவர்களுக்குச் சொந்தமாகக் கோபம் கிடையாது; அக்கம்பக்கத்தில் யாராவது கொதித்துக்கொண்டிருந்தால் அதில் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடிப்பார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் 'நான்' வராது. அட்சயா தடை போட்டிருக்கிறாள்.

"உன்ர எல்லாக் கதையிலயும் நடுவில நீதான் நிக்கிறாய். ஒருக்கா உன்ர 'நான்' இல்லாம எழுது, பாப்பம். லிற்றரலி ஒரே ஒருக்கா."

ஆகவே கதாசிரியன் கதாசிரியனாகவே வருவான். பெயர் ஜதுர்சன். ஒரு பெயர் இருப்பது எவ்வளவு வசதியான விஷயம் என்று அப்போது அவன் யோசித்திருக்கவில்லை.*

* இந்த வரியை இப்போதைக்கு ஒரு மூலையில் வையுங்கள். பிறகு தேவைப்படும்.

2

ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில், நாடு விட்டு வந்த ஈழத்தமிழர் நடத்துகிற இளம்பரிதி விளையாட்டுக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. கழகத்துக்கு முப்பது வயது. வின்சன்ற் அங்கிள் அதன் தலைவராகியும் முப்பது வருடம். இந்த இரண்டு தகவல்களையும் கொண்டாட ஒரு மலர் போடுகிறார்கள். அதற்குக் கதை கேட்டு அங்கிள் கதாசிரியனைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தக் காலத்துக் கதை ஒண்டு வேணும். ரெண்டு உலக யுத்தத்துக்கும் நடுவில எங்கட தேசிய கிரிக்கெற் ரீம் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய், அஞ்சாறு மாசம் நிண்டு விளையாடிப்போட்டு வந்த மாதிரி. இங்கத்தப் பிள்ளையள் அறியோணும்."

"அப்பிடி ஒரு ரூர் நடந்ததோ அங்கிள்?"

"நீ எழுதினா நடந்ததுதானே."

"ஆர் கப்டன்?"

"எங்கட ஆளா இருக்கட்டும்." அங்கிள் கொஞ்சம் யோசித்தார். "உயரமா இருக்கட்டும்."

அங்கிள் உயரமானவர்.

(வாசகருக்கு: அந்தச் சுற்றுப்பயணத்தை எங்கும் தேட வேண்டாம். அது நடக்கவில்லை. அங்கிள் கேட்டார், கதாசிரியன் நடத்தினான்.)

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"கொழும்புத் துறைமுகத்தில் 'மேரி லூயிசா' நங்கூரம் எடுத்தபோது கப்டன் நீக்கிலாப்பிள்ளையின் விழிகள் தொடுவானத்தை நோக்கி—"

வேண்டாம். கப்பலில் முதன்முதல் ஏறுகிறவர்கள் அரைமணித்தியாலத்தில் சத்தி எடுக்க வாளியைத் தேடுவார்கள், தொடுவானத்தை அல்ல.

இரண்டாவது தொடக்கம்:

"சித்திரையில் கப்பலேறியவர்கள் புரட்டாதியில்தான் திரும்பி வந்தார்கள். பதினைந்து பேர் போனார்கள். பதினான்கு பேர் விளையாடினார்கள்."

இது நின்றது. ஏனென்றால் இதை எழுதி முடித்தபோது ஒரு ஆள் மிஞ்சினான்.

மிஞ்சியவன் அந்த நெடும் பயணம் முழுக்கச் செய்தவை: கப்டன் நீக்கிலாப்பிள்ளையின் துடுப்பு மட்டைக்கு எண்ணெய் பூசினான். எல்லாருடைய சப்பாத்துக்கும் வெள்ளை பூசினான். இங்கிலாந்தில் மழை பெய்யாத நாட்களில் பதினான்கு பேருக்கும் தண்ணீர் கொண்டு ஓடினான். மழை பெய்த நாட்களில் பதினான்கு பேரின் காலுறைகளையும் நெருப்பில் காயவைத்தான். மழை நிறையப் பெய்தது. அணிப் படத்தில் மட்டும் அவனுக்கு நல்ல இடம் கிடைத்தது, ஓரமாக, கோட்டுகளைக் கையில் தூக்கிக்கொண்டு.

3

மிஞ்சியவனைக் கதாசிரியன் எங்கிருந்து எடுத்தான் என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. இரண்டு வீடு தள்ளி எடுத்தான்.

அட்சயா இடக்கைச் சுழல் வீசுகிறவள். இளம்பரிதியில் இருக்கிற ஒரே பெண். போன கோடையில் கழகமும் கடல் கடந்து சுற்றுப்பயணம் போனது. லண்டனில் இருக்கும் தமிழ்க் கழகங்களோடு மூன்று கிழமை ஆட்டம். அட்சயாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பதாகையில் அவளுடைய முகம்தான் பெரிது. 'பெண்களுக்கும் சம இடம்' என்று அதில் எழுதியிருந்தது. அந்த இடம் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் என்று போன பிறகுதான் தெரிந்தது. ஒரு ஆட்டத்திலும் இறக்கவில்லை.

கடைசி ஆட்டத்தில் ஒருவனுக்குக் கால் பிடித்துக்கொண்டது.

கிரிக்கெட்டில் ஆடுகிற ஒருவருக்குக் காயம் என்றால், வெளியே இருப்பவர் அவருக்குப் பதிலாக இறங்கலாம். ஓடலாம், விழலாம், பிடிக்கலாம். துடுப்பெடுக்கவும் பந்துவீசவும்தான் ஏலாது. அட்சயா இறங்கினாள். பிரவீனன் வீசிய பந்தை எதிராளி வானத்துக்கு அடித்தான். அது வெயிலுக்குள் போய் மறைந்து, வேறெங்கோ போவதுபோல் காட்டிவிட்டு இறங்கியது. அவள் எல்லைக் கயிற்றடியிலிருந்து முன்னால் ஓடிவந்து, முழங்கால் தேய விழுந்து, புல்லுக்கு ஒரு விரற்கடை மேலே அதைப் பிடித்தாள். கழகம் வென்றது.

ஸ்கோரில் ஆட்டமிழந்தவனின் பெயர் வந்தது. பந்து வீசிய பிரவீனனின் பெயர் வந்தது. பிடித்தவர்: சப், அதாவது பதிலாள். அவ்வளவுதான். பக்கத்தில் பெயரையும் போடலாம், விதி தடுக்கவில்லை. போடுவதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் வெக்ஸ்போர்ட்டில் ஒரு மண்டபம் எடுத்து விழா வைத்தார்கள். அந்தப் பிடியைப் பெரிய திரையில் மூன்று முறை போட்டார்கள். கிண்ணம் பிரவீனனுக்கு. அவனும் வாங்கினான். அங்கிள் ஒலிவாங்கியைப் பிடித்து, "எங்கட தங்கச்சியையும் மறக்கக்கூடாது. தங்கச்சி இல்லாட்டி எங்களுக்கு ஆர் தண்ணி தந்திருப்பினம்?" என்றார்.

மண்டபம் சிரித்தது. கதாசிரியனும் சிரித்தான், வசனம் நன்றாக இருந்தது என்பதற்காக. திரும்பிப் பார்த்தபோது அட்சயா தன்னுடைய முழங்காலில் ஆறிக்கொண்டிருந்த பொருக்கை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கி வந்த அங்கிள் அவளுடைய தோளில் தட்டினார். "வாற வருசம் லீக் பைனலில நீ விளையாடுறாய் தங்கச்சி. இது என்ர வாக்கு."

அந்தப் பைனல் இந்த ஞாயிற்றுக்கிழமை.

4

மிஞ்சியவனின் கதைக்குத் திரும்புவோம். கடைசி ஆட்டம். ஒருவன் விழுந்துவிட்டான். மிஞ்சியவன் உள்ளே போகிறான். பந்து மேலே. கதாசிரியன் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தான். கம்பஸிலிருந்து வரும் பஸ்ஸில் அட்சயா அவற்றை அவனுடைய போனில் வாசித்தாள்.

முடிவு அ: பிடிக்கிறான். கப்டன் நீக்கிலாப்பிள்ளை ஓடிவந்து அணைத்துக்கொள்கிறார்.

"உவ்வே."

முடிவு ஆ: பழிவாங்க, வேண்டுமென்றே பந்தை நழுவவிடுகிறான்.

"பந்து என்ன பாவம் செய்தது? நான் ஒருநாளும் விடமாட்டன்."

"இது நீ இல்லை. அவன்."

முடிவு இ: கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு பந்தை வேடிக்கை பார்க்கிறான், வரலாறு அவனைக் கடந்து—

"வரலாறாம். பொறு, அவன் எண்டா எவன்?"

"அவன்தான். மிஞ்சின ஆள்."

"பேர் என்ன?"

கதாசிரியன் பஸ் யன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"எவன்டா? கப்டனுக்குப் பேர் வச்சிருக்கிறாய். கப்பலுக்குக்கூட வச்சிருக்கிறாய், மேரி லூயிசாவாம். இவன் அஞ்சாறு மாசம் அவங்கட ஊத்தைச் சொக்ஸ் காயவச்சவன். சீரியஸ்லி, இவனுக்குப் பேர் எங்க?"

அது ஒரு உத்தி என்று கதாசிரியன் விளக்கினான். பெயர் இல்லாததுதான் அவனுடைய பெயர் என்றான். அந்த வெறுமைதான் கதையின் மையம் என்றும் சொன்னான்.

"இதைத்தான் வின்சன்ற் அங்கிளும் செய்யிறார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு செய்யிறார், நீ விளக்கம் சொல்லிக்கொண்டு செய்யிறாய்."

"சரி, இப்பவே வைக்கிறன். என்ன பேர்—"

"இப்ப வையாத. இப்ப வச்சா அது எனக்குச் செய்யிற உபகாரம்."

கோபத்தில் பஸ்ஸின் மணியை அழுத்திவிட்டாள். இறங்க இன்னும் இரண்டு தரிப்பு இருந்தது. பஸ் நின்றது, கதவு திறந்தது, ஒருவரும் இறங்கவில்லை. சாரதி கண்ணாடியில் பார்த்தார். வேலைக்குப் போகிற சனம் முழுவதும் பார்த்தது. கதாசிரியன்தான் 'சொறி' சொல்லி மன்னிப்புக் கேட்டான்.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்:

"அவன் ஒருக்காவாவது கப்டனிட்டக் கேட்டவனோ? 'என்ர பேர் உங்களுக்குத் தெரியுமோ' எண்டு?"

"கேக்கேல்லை."

"ஏன்?"

"முப்பதுகள். அப்ப கேக்கமாட்டினம்."

"இப்ப?"

முடிவுகள் மூன்று கைவசம் வைத்திருந்தவன் போனை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

5

சனி பின்னேரம் கழகத்தின் வட்ஸ்அப்பில் பதினொரு பெயர் வந்தது. அட்சயா இல்லை. கடைசிப் பெயர் றெமிஜியஸ், அங்கிளின் மருமகன், பக்கத்து ஊர் ஏஜக்ஸிலிருந்து வருகிறவன், பயிற்சிக்கு ஒருநாளும் வராதவன். பட்டியலுக்குக் கீழே அங்கிள் எழுதியிருந்தார்: "தங்கச்சி காலமை வெள்ளென வந்து வாத்துப் பீ கூட்டவும்."

(ஸ்காபரோப் பூங்காக்களைத் தெரியாதவர்களுக்கு: மைதானம் பெரிய வாத்துகளுக்குச் சொந்தம். மனிதர்கள் ஆடுவதற்கு முன் ஒருவர் கூட்டித் தர வேண்டும். இரண்டு கோடையாக அந்த ஒருவர் யார் என்று இனிச் சொல்லத் தேவையில்லை.)

அட்சயா வெள்ளென வந்தாள். கூட்டினாள். மைதானம் முழுவதும் கூட்டினாள், அங்கிள் மடிப்புக் கதிரை போடுகிற இடத்தைத் தவிர.

கதாசிரியன் கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் களத்துக்குள் எடுக்க வாத்துகளே சம்மதியாது.

கடைசி ஓவர். நான்காவது பந்து. அங்கிளின் கதிரைக்கு நேரே கயிற்றடியில் நின்ற றெமிஜியஸ் அதை மறிக்க ஓடினான், தொடையைப் பிடித்தான், "அம்மா" என்றான், விழுந்தான். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து கரையில் போட்டார்கள். எதிரணிக்கு இனி இரண்டு பந்தில் ஆறு ஓட்டம் வேண்டும்.

"தங்கச்சி, ஓடு!" என்றார் அங்கிள்.

அட்சயா எழும்பினாள். கயிறுவரை வந்தாள். நின்றாள்.

"என்ர பேர் என்ன அங்கிள்?"

"என்ன?"

"பேரைச் சொல்லுங்கோ. ஓடுறன்."

"தங்கச்சி, பகிடி விடுற நேரமே இது? இறங்கு!"

"பேர்."

அங்கிள் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "ஏன் தெரியாது? நீ ஸ்ரீதரன்ர மகள்!"

"அது அப்பான்ர பேர்."

"இராஜேஸ்வரியின்ர மூத்தது!"

"அது அம்மான்ர."

"கொம்மான்ர தமையனோட நான் ஒண்டாப் படிச்சனான், பிள்ளை! உன்ர குடும்பத்தில எனக்குத் தெரியாத ஆளில்லை!"

"என்னைத் தவிர."

அங்கிள் போனை எடுத்துத் தேடினார். அதில் அவளுடைய இலக்கம் 'ஸ்ரீதரன் மகள் தண்ணி' என்று கிடந்தது. அம்பயர் கையை விரித்து ஆள் வருகிறதா என்று கேட்டார். களத்தில் அவளுடைய பெயர் தெரிந்தவர்களும் நின்றார்கள். பிரவீனனுக்குத் தெரியும். அவன் பந்தைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டு புல்லைப் பார்த்தான். அங்கிள் மீதிருந்த கோபத்தைவிட, அப்படிப் புல்லைப் பார்த்தவர்கள் மீதுதான் அவளுக்குக் கோபம் கூட.

"தம்பி," அங்கிள் கதாசிரியனின் பக்கம் குனிந்தார், "நீ எழுதுற பிள்ளை. கெதியாச் சொல்லடா. இவளுக்கு என்ன பேர்?"

கதாசிரியனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். (மன்னிக்கவும், ஒரு 'நான்' தப்பி வந்துவிட்டது.) அட்சயா அவனைப் பார்த்தாள். சொல்லாதே என்று பார்த்தாளா, நீயாவது சொல் என்று பார்த்தாளா என்று இன்றுவரை விளங்கவில்லை. அவன் வாயைத் திறந்து, மறுபடி மூடினான்.

ஆளில்லாமலே ஆட்டம் தொடங்கியது. பிரவீனன் வீசினான். பந்து உயர எழும்பி, வெயிலுக்குள் போய், நேரே றெமிஜியஸ் நின்ற வெற்றிடத்துக்கு இறங்கியது. புல்லில் குத்தியது. எழும்பிக் கயிற்றைத் தாண்டியது. நான்கு ஓட்டம்.

உருண்டு வந்து அட்சயாவின் காலில் முட்டி நின்றது.

6

வின்சன்ற் அங்கிள் இந்தக் கதையை மலரில் போடவில்லை. "கப்டன் உயரமா இருந்தது நல்லது, மற்றதெல்லாம் சரிவராது தம்பி" என்றார். ஆகவே இது உங்களிடம் வந்திருக்கிறது.

மேரி லூயிசாவில் போனவனுக்கு இனி ஒன்றும் செய்ய ஏலாது. அவனுக்குப் பெயர் வைக்காதது கதாசிரியன் விட்ட பிடி. விட்ட பிடிகளை ஸ்கோரில் எழுதுகிற வழக்கம் இல்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறான்.

ஆனால் மைதானத்தில் ஆட்டம் முடியவில்லை. இன்னும் ஒரு பந்து இருக்கிறது. இரண்டு ஓட்டம் வேண்டும். கயிற்றடியில் இடம் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அட்சயா குனிந்து பந்தை எடுத்துவிட்டாள். தையல்மேல் விரல்களை வைத்து, பந்து வீசுகிறவள் பிடிக்கிற மாதிரிப் பிடித்திருக்கிறாள். இரண்டு அணிகளும் இரண்டு அம்பயர்களும் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள் எறியாமல் ஒருவரும் ஒன்றும் செய்ய ஏலாது.

"தங்கச்சி, பந்து!" என்கிறார் அங்கிள்.

"சிஸ், பந்து!" என்கிறான் ஒருவன்.

"ஹலோ, பந்து!"

அவள் அசையவில்லை.

கதாசிரியன் இதற்கு முடிவு எழுதமாட்டான். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் மூடினவனுக்கு அந்த உரிமை இல்லை. நீங்கள் முதலாவது பந்தியிலிருந்து கூட வந்திருக்கிறீர்கள். அவளுடைய பெயர் உங்களுக்குத் தெரியும். புல்லைப் பார்க்காதீர்கள்.

கூப்பிடுங்கள்.