ஆரஞ்சு நிறச் சொற்கள்

வீட்டில் அவளுக்கு அம்மு என்றுதான் பெயர். முப்பத்தொரு வயதாகி, பல்கலைக்கழகத்தின் கணினி வரைகலை ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருடமாகக் குப்பை கொட்டுகிற ஒருத்தியை இன்னும் அப்படிக் கூப்பிடலாமா என்று யாரும் யோசித்ததில்லை. அது அவளைவிட ஒன்பது வயது மூத்த அண்ணன் வைத்த பெயர். அவனுக்குத் திக்குவாய். அவளுடைய நிஜப் பெயரின் முதல் எழுத்து அவன் வாயில் எப்போதும் மாட்டிக்கொள்ளும். அம்மு என்றால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

அவள் ஆய்வுக்கூடத்தில் செய்துகொண்டிருந்தது ஒரு மென்பொருள். ஒருவர் பேசுகிற வீடியோவை அதற்குள் போட்டால், பேசியதெல்லாம் திரையின் ஒரு பக்கத்தில் எழுத்தாக வந்து நிற்கும். வேண்டாத சொல்லை அந்த எழுத்தில் அழித்தால் போதும், வீடியோவிலும் அது போய்விடும். சாதாரணமாக வெட்டினால் வெட்டிய இடத்தில் பேசுகிறவரின் தலை வெடுக்கென்று குதிக்கும். இவளுடைய மென்பொருள் இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் இல்லாத படங்களைத் தானே வரைந்து, தையல் தெரியாமல் ஒட்டிவிடும். அதாவது, ஒட்டிவிட வேண்டும்.

"செய்தி வாசிக்கிறவங்க வீடியோவை வச்சு நல்லா வருதுன்னு காட்டினா யாரு நம்புவா?" என்றார் அவளுடைய பேராசிரியர். எதையும் சுற்றி வளைக்காமல் பேசும் அம்மாள் அவர். "அவங்க அடிச்சு வச்ச கல்லு மாதிரி உக்காந்திருப்பாங்க. ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை வெட்ட வேண்டிய ஆளா பார்த்துக் கொண்டு வா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அண்ணியிடம் இதைத்தான் புலம்பிக்கொண்டிருந்தாள். அண்ணன் தரையில் மண்டியிட்டு, சரியாக மூடாத ஒரு இழுப்பறையின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தான். இருபது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். ஒழுங்காகத் திறந்து மூடாத எதையும் அவன் கண் பொறுக்காது.

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறியே" என்றான் நிமிராமலே. "வெட்டுறதுக்கு என் வாயைவிட நல்ல வாய் உனக்கு எங்க கிடைக்கும்?"

அவன் பேச்சை இங்கே ஓட்டமாக எழுதிவிட முடிகிறது. அந்தச் சமையலறையில் அது அப்படி வரவில்லை. 'வெண்ணெய்'க்கு மட்டுமே ஒரு திருகை முடுக்கி முடிக்கிற நேரம் ஆனது.

அவனுக்கும் இதில் ஒரு காரியம் இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்காக அவனுடைய நிறுவனம் பாதுகாப்பு வீடியோ ஒன்று எடுக்கப்போகிறது. மேலாளர் அந்தப் பொறுப்பை நேற்று வந்த ஒருத்தனிடம் கொடுத்திருந்தார். அவனுக்குச் சரளமாகப் பேச வரும். லிஃப்டைப் பற்றித்தான் அவ்வளவாகத் தெரியாது.

"நான் பேசுறேன். நீ வெட்டி ஒட்டு. நல்லா வந்தா மேலாளர்கிட்ட காட்டுறேன். வரலைன்னா உன் படிப்புக்காவது ஆகட்டும்."

அண்ணி அவனுடைய சீருடைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். கூடத்தில் ஜன்னலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு அவனை உட்கார வைத்து, அம்மு கேமராவுக்குப் பின்னால் நின்றாள். கயிறு அறுந்தாலும் லிஃப்ட் ஏன் கீழே விழாது என்பதுதான் அவன் எடுத்துக்கொண்ட விஷயம். ஒன்பது நிமிடம் பேசினான்.

திங்கட்கிழமை அந்த வீடியோ அவளுடைய மென்பொருளைப் படுத்தி எடுத்துவிட்டது. வெட்ட வேண்டிய இடம் நூற்றுப் பதினெட்டு. ஒவ்வொரு ஒட்டிலும் அண்ணனின் தாடை மெழுகாக உருகி வழிந்தது. ஓரிடத்தில் அவனுக்கு மூன்று கண். கூடப் படிக்கிறவர்கள் எட்டிப்பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கும் முதல் நாள் சிரிப்புத்தான் வந்தது.

சிக்கல் எங்கே என்று பார்க்க, ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம் என்று ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள். அப்படிப் பார்த்தது ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று வாரம். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அண்ணன் திக்கும்போது அவனுடைய முகம் எப்படி இருக்கும் என்று இதுவரை அவள் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் அவன் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் அம்மா அடுப்பைப் பார்ப்பாள், அப்பா செய்தித்தாளைப் பார்ப்பார். முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளும் கற்றுக்கொண்டிருந்தாள்.

இப்போது பார்த்தாள். முதலில் மோவாய் லேசாக உயரும். இடது இமை பாதி இறங்கும். கழுத்து நரம்பு ஒன்று தெரியும். பிறகு, சொல் வெளியே வந்த மறுகணம், சுமையை இறக்கி வைத்தவனைப் போல ஒருமுறை மெல்லக் கண்ணை மூடித் திறப்பான். ஒவ்வொரு தடவையும் அப்படியே. அந்த இமைப்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நேராகப் போகாமல், அந்த இமைப்பின் வழியாகப் போகும்படி மென்பொருளை மாற்றி எழுதினாள். தாடை உருகுவது நின்றது. மூன்றாவது கண் காணாமல் போனது. பேராசிரியர் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "தையல் எங்க இருக்குன்னு எனக்கே தெரியல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் அவளை உறுத்திக்கொண்டிருந்தது வேறொன்று. சொல்லில் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அண்ணனின் கண் கேமராவை விட்டுச் சற்று மேலே போனது. அங்கே என்ன இருந்தது? அவள்தான் நின்றிருந்தாள்.

விடை எழுத்துப் பக்கத்திலேயே இருந்தது. வீடியோவில் இரண்டு பேர் பேசினால் மென்பொருள் இரண்டாமவரின் சொற்களை ஆரஞ்சு நிறத்தில் காட்டும். அண்ணனின் நீலச் சொற்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆரஞ்சு. 'கயிறு.' 'பிரேக்.' 'எடை.' ஏதோ பிழை என்று ஒதுக்கி வைத்திருந்தாள். இப்போது காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கேட்டாள். பிழை இல்லை. அவளுடைய குரல். கேட்பதற்கு முன்பே கருவியை எடுத்து நீட்டுகிற உதவியாளைப் போல, சுறுசுறுப்பாக, அன்பாக, அவன் தேடுகிற சொல்லை எடுத்துக் கொடுக்கிற குரல். பதினான்கு இடம். கொடுத்ததாக அவளுக்கு நினைவே இல்லை.

பதின்மூன்று இடத்தில் சரியான சொல்லைத்தான் கொடுத்திருந்தாள். ஓரிடத்தில் மட்டும் அண்ணன் இப்படி ஆரம்பித்திருந்தான்: "லிஃப்ட் கூண்டு மேல தனியா நிக்கும்போது நான் பா... பா..."

"பாதுகாப்பு பெல்ட் போட்டுக்குவே" என்றது ஆரஞ்சு.

"ஆமா. பெல்ட் போட்டுக்குவேன்" என்றது நீலம்.

அந்த இடத்தில் அவன் முகத்தை நிறுத்திப் பார்த்தாள். கேட்காத தேநீரை யாரோ கையில் திணித்தால், அவர்கள் மனம் நோகக்கூடாதே என்று வாங்கிக் குடிப்போமே, அப்படி ஒரு சிரிப்பு. அவன் சொல்ல வந்தது பெல்ட் இல்லை.

சனிக்கிழமை மதியம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு மேசையில் வைத்து, வெட்டி ஒட்டிய வீடியோவை முதலில் ஓடவிட்டாள். ஒன்பது நிமிடம் நான்கு நிமிடமாகச் சுருங்கியிருந்தது. திரையில் அண்ணன் ஒரு தடங்கலும் இல்லாமல் பேசினான்.

அண்ணி முந்திக்கொண்டாள். "யாரு இந்த ஆளு? எனக்கு வேண்டாம்பா. பஸ்ஸைப் பிடிக்கப் போறவன் மாதிரி பேசுறான்."

அண்ணன் சிரித்தான். மறுபடி ஓடவிடச் சொன்னான். மூன்றாவது முறை பார்க்கும்போது அவன் சிரிக்கவில்லை. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிற சிநேகிதனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பள்ளிக்கூடத்துல ஒரு நாளாவது இப்படிப் பேசணும்னு நினைச்சிருக்கேன்" என்றான். "நல்லா பண்ணியிருக்கே அம்மு."

அதோடு மடிக்கணினியை மூடியிருக்கலாம். ஆனாலும் வந்த காரியத்தை விடவில்லை. வெட்டாத பழைய வீடியோவை எடுத்து, பெல்ட் வருகிற இடத்தை ஓட்டிக் காட்டினாள். "இங்க நீ என்ன சொல்ல வந்தே அண்ணா?"

அவன் பார்த்தான். காது மடல் சிவந்தது. "அதுவா?" என்றான். பிறகு வாயைத் திறந்தான். மோவாய் உயர்ந்தது. இடது இமை பாதி இறங்கியது.

அவள் நாக்கின் நுனிக்கு நான்கு சொல் வந்து நின்றன. பார்ப்பேன், பாவம், பாரம், பாதி. பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுப்பைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"பாடுவேன்" என்றான் அண்ணன்.

"என்னது?"

"கூண்டு மேல தனியா நிக்கும்போது பாடுவேன். கீழயிருந்து மேல வரைக்கும் வெறும் சுவர்தானே, குரல் நல்லா எழும்பும். பாட்டுல எனக்குத் திக்காது. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. முப்பத்தொரு வருடம் கூடப் பிறந்தவள், அவளுக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி, வெண்டைக்காயை நறுக்கியபடியே. "நான் வேலை பார்த்த ஆபீஸ்ல லிஃப்ட் ரிப்பேர். அஞ்சாவது மாடியில மூடின கதவுக்குப் பின்னாடியிருந்து பாட்டு வருது. வேலையை விட்டுட்டுக் கதவுல காதை வச்சுக் கேட்டுக்கிட்டிருந்தேன். கதவு திறந்துச்சு, உள்ள விழப் பார்த்தேன். இவர்தான் பிடிச்சு நிறுத்தினாரு."

"நீங்க இதைச் சொன்னதே இல்லையே அண்ணி. யாரோ சிநேகிதங்க மூலமா பழக்கம்னுதானே சொன்னீங்க."

"உங்க வீட்டுல யாரு இவரை எதையாவது முழுசா சொல்லவிட்டீங்க?" என்றாள் அண்ணி. குத்தலாகச் சொல்லவில்லை. கத்தி அதே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது.

அம்மு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பதினாலு தடவை அண்ணா. எண்ணிப் பார்த்தேன்."

"சரி விடு. உனக்கு ஆறு வயசு இருக்கும்போதே கடைக்காரர்கிட்ட எனக்காகப் பேசுவே. என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய், எங்க அண்ணனுக்கு ஒரு பேனா குடுங்கன்னு கேப்பே. அன்னைக்கு எனக்கு அது வேண்டித்தான் இருந்துச்சு."

"இப்போ?"

"இப்போ நாற்பது வயசாச்சு. மெதுவா வந்தாலும் வந்துருது." அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "நகரு. இதை எப்படி ஓட்டுறதுன்னு காட்டு."

எப்படி அழிப்பது, அழித்ததை எப்படித் திரும்ப வைப்பது என்று காட்டினாள். அவன் முதல் வேலையாக, "இந்த ஆரஞ்சுக்காரியை ஒழிக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவளுடைய பதினான்கு சொற்களையும் ஒவ்வொன்றாக அழித்தான். ஒவ்வொன்றுக்கும் அவளை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தான். பத்தாவதில் அவளும் சிரித்துவிட்டாள்.

பிறகு வேலையில் இறங்கினான். திக்கல்களில் பெரும்பாலானவற்றை வெட்டினபடியே விட்டான். சிலவற்றைத் திரும்ப வைத்தான். "இங்க நான் திக்கல, யோசிக்கிறேன். இதையும் சேர்த்து வெட்டிட்டியே" என்றான் ஓரிடத்தில். அவளுடைய மென்பொருளுக்கு யோசனையும் திக்கலும் ஒன்றாகவே பட்டிருந்தன. இன்னோர் இடத்தில் உண்மையான திக்கல்தான், ஆனாலும் அவன் தொடவில்லை. "கூண்டு எப்படி ரெண்டு பக்கமும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்குதுங்கிற இடம் இது. இங்க ஓடினா கேக்கிறவனுக்கு மண்டையில ஏறாது. இருக்கட்டும்." இரண்டு மணி நேரம் ஆனது. நான்கு நிமிடம் ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலாக ஆகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அண்ணி, "இவரை எனக்குத் தெரியும்" என்றாள்.

திங்கட்கிழமை பேராசிரியரிடம், வெட்ட வேண்டிய இடத்தை இனி மென்பொருள் தானாக வெட்டாது, காட்ட மட்டும்தான் செய்யும், பேசினவரே முடிவு பண்ணட்டும் என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தானா வெட்டுறதுதான் உன் ஆய்வுக் கட்டுரையோட முதுகெலும்பே. அதை உருவிட்டு எதை வச்சு நிக்கப்போறே?"

அண்ணன் உட்கார்ந்து செய்ததைக் காட்டினாள். பேராசிரியர் ஆறு நிமிடமும் பார்த்தார். பிறகு, "இன்னும் பத்துப் பேரை உக்கார வச்சு, அவங்க எதை விட்டுவைக்கிறாங்கன்னு பாரு" என்றார்.

கட்டுரை முதல் தடவை திரும்பி வந்தது. பயன்படுத்துகிறவருக்கு வேலை அதிகம் என்று மதிப்பீட்டாளர்கள் எழுதியிருந்தார்கள். அந்தப் பத்துப் பேரும் சொன்னதைச் சேர்த்து மறுபடி அனுப்பினாள். இந்தத் தடவை ஏற்றுக்கொண்டார்கள். அண்ணனின் வீடியோவை மேலாளர் பார்த்தார். சரளமாகப் பேசுகிறவனின் வீடியோவை எடுத்து வைத்துவிட்டு இதையே போட ஆரம்பித்தார். கதவைப் பற்றி இன்னொன்று எடுத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். யோசித்துச் சொல்வதாக அண்ணன் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு வந்திருக்கிறான்.

இத்தனை வருடமும் அவளுக்குக் குறுஞ்செய்திதான் அனுப்புவான். இப்போது போன் செய்கிறான். போன வாரம் அவள் பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது கூப்பிட்டான். ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றில் யாரும் இல்லாத லிஃப்டுக்குள் ஒரு பூனை மாட்டிக்கொண்ட கதை. அது எந்த மாடியில் ஏறியது, பூனைக்குச் சொந்தக்காரர் யார் என்று இரண்டு வீட்டார் எப்படிச் சண்டை போட்டார்கள், கதவைத் திறந்ததும் அது எப்படி இவர்கள் அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது என்று ஒன்றையும் விடாமல் சொன்னான். அவள் "ம்" மட்டும் கொட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். அவன் சொல்லி முடித்தபோது பேருந்து அவளுடைய நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போயிருந்தது. இறங்கி, வந்த வழியே நடந்தாள்.